டிக்கிக்குள் ஒரு குட்டி டாங்கி

அத்தியாயம் 6

கொட்டாஞ்சேனை கராஜ் மேசையில், விரித்த பத்திரிகைத் தாளின் மேல் கிடந்த பிஸ்டனைப் பார்த்ததும் றேமண்ட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

“எப்ப மிஸ் எடுக்கிறாங்க? பொரளை மயானத்துக்கா, மாதம்பிட்டி மயானத்துக்கா?”

அருள்நாயகி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பிஸ்டனின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிஸ்கட்டைப் பிள்ளை கடித்த மாதிரி ஒரு பக்கம் காணாமல் போயிருந்தது.

இருபது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கொம்பனிக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து, “இது விபத்து, இது நடிப்பு” என்று பிரித்துக் கொடுத்தவர் அவர். இப்போது வெள்ளவத்தையில் ஒரு பேக்கரியின் மாடியில் ‘தனியார் விசாரணை’ என்று பலகை மாட்டியிருக்கிறார். பலகையைத் துடைப்பது, பழைய மொறிஸ் மைனர் காரை ஓட்டுவது, கேட்காத கருத்துகளைச் சொல்வது ஆகிய மூன்றும் றேமண்டின் உத்தியோகம். முதல் இரண்டுக்குத்தான் சம்பளம்.

“நாலு மணிக்கு பாலசுந்தரம் முதலாளி பொலிசுக்குப் போறாராம்” என்றான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற இராமர். “நான் காசு வாங்கிட்டு எஞ்சினை ஒடைச்சேன்னு சொல்லப் போறாராம். நீங்களே சொல்லுங்கம்மா, பெத்த புள்ளைய எவனாச்சும் வித்துத் தின்பானா?”

இராமருக்கு முப்பது வயதிருக்கும். ஹட்டன் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தவன். கையெல்லாம் கிறீஸ், தலை மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சீவியபடி இருக்கும். பேச்சுக்குப் பேச்சு தன் கைவேலையைத் தானே மெச்சி, சீப்பை எடுத்துத் தலையை ஒரு வாரு வாரிக்கொள்வான். ஆனால் இன்று அந்தச் சீப்பு சட்டைப் பையிலிருந்து வெளியே வரவே இல்லை.

வராதது நியாயம். யுத்தம் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கொழும்பில், அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் உள்ள ஒரு தனித் தமிழனை, ‘சதி செய்தான்’ என்று ஒரு முதலாளி பொலிசில் கைகாட்டினால் எஞ்சினைப் பற்றி யாரும் விசாரிக்க மாட்டார்கள். புலிகளைப் பற்றி வேறு கேள்விகள் கேட்பார்கள். உள்ளே போனவனைத் தேடி வாசலில் வந்து நிற்க, கொட்டாஞ்சேனையில் அவனுக்கு ஆளும் இல்லை.

அதைத் தெரிந்துகொண்டுதான் காலையில் பாலசுந்தரத்தின் மனைவி நேசமலர் பேக்கரிப் படியேறி வந்திருந்தாள், புருஷனுக்குத் தெரியாமல். “அக்கா, அந்தப் பெடியன் அப்பிடிச் செய்யமாட்டான். செய்தது ஆரெண்டு பின்னேரத்துக்குள்ள கண்டுபிடிச்சுத் தாங்கோ. ஒருத்தற்ர பாவம் எங்கட வீட்டுக்கு வேண்டாம்.”

நடந்தது இவ்வளவுதான். பாலசுந்தரம் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். வார நாட்களில் ஆணியும் பூட்டும் விற்பார். வருடத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு தன் வெள்ளை ஜப்பான் காரில் பந்தயம் ஓடுவார். இந்த முறை அதே பந்தயத்தில் ஓடும் நவரத்தினத்தை எப்படியாவது முந்திவிட வேண்டுமென்று மெல்பேர்ன் மைத்துனர் மூலம் ஒரு நைட்ரஸ் செற் வரவழைத்தார். இராமர் பூட்டினான். கொட்டாஞ்சேனையில் ஓட்டிப் பார்த்தார்கள், கார் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை, தெற்கே ஒரு பழைய விமான ஓடுபாதையில், மூன்றாவது கியரில், பாலசுந்தரம் பொத்தானை அமத்தினார். டமார்! நவரத்தினம் கையசைத்துக்கொண்டே கடந்து போனார்; இவருடைய கார் புகைந்தபடி உருண்டு, முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றது.

“இந்த நைட்ரஸ் எண்டது என்னெண்டு எனக்கு ஒருக்காச் சொல்லும்” என்றார் அருள்நாயகி.

“உங்களுக்குத் தெரியாதாம்மா?”

“தெரியும். உமக்குத் தெரியுமோ எண்டு பார்க்கிறன்.”

இராமர் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “பல்லு டாக்டருங்க ஆளை மயக்கிறதுக்கு வச்சிருக்காங்களே, அதே காத்துதாங்க. எஞ்சினுக்குள்ள போனா சூட்டுல பிரிஞ்சு நெருப்புக்குக் கூடுதலா மூச்சுக் குடுக்கும். மூச்சுக் கூடினா நெருப்பு கூடுதலாத் திங்கும். அதனால அந்தக் காத்து போற அதே நேரத்துல கூடுதலாப் பெட்ரோலும் போயாகணும். போகலைன்னா…”

“விளங்குது” என்றான் றேமண்ட். “கோயில் அன்னதானத்துக்கு நூறு பேருக்குச் சமைச்சு வச்சிட்டு முந்நூறு பேரைக் கூப்பிட்டா, சோறு முடிஞ்சதும் சமையல்காரனைத் தின்னுடுவாங்க. இந்தப் பிஸ்டன்தான் சமையல்காரன்.”

“அதேதாங்க. காரோட சொந்தப் பம்பு நூறு பேருக்குத்தான் சமைக்கும். குழாயும் சின்னது. அதை நம்பி இந்தக் காத்தைத் தொறந்து விட முடியாதுங்க. அதான் நான் என்ன பண்ணுனேன், டிக்கிக்குள்ள ஒரு குட்டி டாங்கி வச்சேன். அதுக்குத் தனிப் பம்பு, தனிக் குழாய், தனி ஜெட்டு. மொதல்தரப் பெட்ரோல் நெறைச்சு விட்டேன். ஸ்டீரிங்ல ஒரே பொத்தான். அமத்தினா காத்தும் தொறக்கும், குட்டி டாங்கிப் பெட்ரோலும் தொறக்கும். விட்டா ரெண்டும் மூடும். கொழும்புல எவனாச்சும் இப்பிடிப் பூட்டிருக்கானான்னு கேட்டுப் பாருங்க!”

“பூட்டின ஒருத்தனும் இப்ப பொலிசுக்குப் பயந்துகொண்டு நிக்கிறான்” என்றார் அருள்நாயகி. இராமரின் வெளிச்சம் அணைந்தது.

பாலசுந்தரத்தின் குற்றச்சாட்டு எளிமையானது. ஜெட் என்பது ஊசித் துளை போட்ட ஒரு பித்தளைக் குமிழ். அந்தத் துளை சிறுத்தால் பெற்றோல் குறையும். இராமர் வேண்டுமென்றே சின்னத் துளை போட்டுவிட்டான், நவரத்தினம் சொல்லிக்கொடுத்துப் போட்டான் என்பது அவர் கட்சி. சாட்சியும் இருந்தது. பந்தயத்துக்கு முன்பு ஒரு நாள் இராமரும் நவரத்தினமும் ஜிந்துப்பிட்டிச் சந்தி தேத்தண்ணிக் கடையில் ஒரே வாங்கில் இருந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

“இருந்தீரோ?”

“இருந்தேங்க.”

“என்ன கதைச்சனீங்கள்?”

இராமர் தலையைச் சொறிந்தான். சீவிய முடி கலைந்தது. “நம்ம வண்டி அவர் வண்டிய எப்பிடி முந்தப் போகுதுன்னு பெருமை அடிச்சேங்க. ரெண்டு ரோல்ஸும் அவர் கணக்குலதான் தின்னேன்.”

“மிஸ், இவன் உளவாளி இல்ல” என்றான் றேமண்ட். “இவன் விளம்பரம்.”

அருள்நாயகி பம்பையும் ஜெட்டையும் எடுத்துவரச் சொன்னார். பம்பைப் பற்றரியில் கொழுவி, ஒரு முனையைப் பெற்றோல் வாளிக்குள் விட்டு, ஜெட் பக்கத்தை ஒரு வெற்றுச் சோடாப் போத்தலுக்குள் வைத்தார்கள்.

“அண்டைக்குப் பூட்டேக்க எவ்வளவு வந்தது?”

“நம்ம றேமண்டு அண்ணன் மாதிரிக் கோயில் ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தாருங்க. அவர் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிக்கக்குள்ள அரைப் போத்தல்.”

றேமண்ட் சிலுவை போட்டுக்கொண்டு தொடங்கினான். ஆமென் சொன்னபோது பெற்றோல் சரியாகப் போத்தலின் இடுப்பில் நின்றது.

“பம்ப் சரி. குழாய் சரி. ஜெட்டும் சரி” என்றார் அருள்நாயகி. பிஸ்டனை மறுபடி கையில் எடுத்தார். “இதையும் பாரும். பெற்றோல் போகாமல் காத்து மட்டும் போயிருந்தால் மெழுகுதிரி மாதிரி உருகி வடிஞ்சிருக்கும். இது உருகேல்லை. சுத்தியலால அடிச்ச மாதிரி உடைஞ்சிருக்கு. குட்டி டாங்கியில இருந்து என்னவோ ஒண்டு நிறையத்தான் வந்திருக்கு.”

“என்னவோ ஒன்டா?” என்றான் றேமண்ட்.

“ம்.” குழாய் முனையை மூக்கருகே கொண்டுபோனார். முகத்தைச் சுளித்தார். பிறகு ஜெட்டை முகர்ந்தார். பம்பை முகர்ந்தார். கடைசியில் இராமரின் சட்டைக் கையையும் முகர்ந்துவிட்டு, மூலையில் இருந்த தகரத் தொட்டியைக் காட்டினார். “எல்லாம் மண்ணெண்ணெய் மணக்குது!”

“கழட்டின சாமானை மண்ணெண்ணெயில கழுவாம வைப்பாங்களாம்மா? எங்கிட்ட அந்தப் பழக்கம் கெடையாது. பளபளன்னு இருக்கணும்.”

“அருமை. கொலை நடந்த வீட்டைச் சாணி போட்டு மெழுகி வச்சிருக்கிறீர்.”

ஆனால் ஒரு சாமான் மட்டும் இராமரின் தொட்டிக்குத் தப்பியிருந்தது. குட்டி டாங்கி. அதைப் பாலசுந்தரம் தன் கையாலேயே கழற்றி, பொலிசுக்குக் காட்டுவதற்கென்று வெள்ளவத்தை வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

“கிளம்பும் றேமண்ட்.”

“மணி ரெண்டரை மிஸ். நாலுக்கு முதல்ல போய்ச் சேரணுமென்டா ஆமிக்காரன் மனசு வைக்கணும்.”

ஆமிக்காரன் மனசு வைக்கவில்லை. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியை மறித்திருந்த சோதனைச்சாவடியில், வரிசை ஒரு கல்யாண ஊர்வலம் போல நகர்ந்தது. மொறிஸ் மைனரின் முறை வந்ததும் ஒரு இளஞ்சிப்பாய் குனிந்து பார்த்தான்.

“கொஹேத யன்னே?” எங்கே போவது என்று சிங்களத்தில் கேட்டான்.

“வெள்ளவத்த, மல்லி” என்று தம்பி முறை வைத்துச் சொன்னான் றேமண்ட், பல் முப்பத்திரண்டும் தெரிய.

“டிக்கிய அரின்ன.”

றேமண்ட் இறங்கித் திறந்தான். டிக்கிக்குள் ஸ்பெயார் சில்லும் ஒரு குடையும் மட்டும் இருந்தன. சிப்பாய் குடையை விரித்து, மடக்கி, மீண்டும் விரித்துப் பார்த்துவிட்டு, “யன்ன, யன்ன” என்று போகக் கைகாட்டினான். மழை வராத நாளில் குடை கொண்டுபோகும் ஆளைப் பற்றி அவன் ஏதோ பகிடி சொல்ல, பக்கத்தில் நின்றவன் சிரித்தான். றேமண்டும் சேர்ந்து சிரித்தான். அந்த இடத்தில் அதுதான் மரியாதை.

கார் நகர்ந்ததும் அருள்நாயகி கேட்டார். “றேமண்ட், காலையில இந்தக் காருக்குள்ள ஒரு டோர்ச் கிடந்ததே?”

“வீட்டில வச்சிட்டேன் மிஸ்.”

“ஏன்?”

“பற்றரி இருக்கே. பற்றரியைக் கண்டா குண்டு செய்யவா என்டு எடுத்து வச்சுக் கதை கேப்பானுகள்.”

“வேற என்ன எடுத்து வைச்சீர்?”

“ஒரு துண்டு வயர். அம்மாட அலாரம் மணிக்கூடு, திருத்தக் குடுக்கக் கொண்டு வந்தது. ஹோர்ன் ஃபியூஸ் பெட்டி. பிறகு…” றேமண்ட் ஒரு கையால் தலையைச் சொறிந்தான். “போன கிழமை பிரேக் ஒயில் போத்தல். எல்லா நாளும் செய்யிறதுதானே மிஸ். வீட்டை விட்டு வெளிக்கிட முதல், ஆமிக்காரன்ட கண்ணால ஒருக்காக் காரைப் பாத்துக்கொள்றது. எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான்.”

“எல்லாரும் செய்யிறதுதான்” என்று திரும்பச் சொன்னார் அருள்நாயகி. கைப்பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ற் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் பெப்பர்மின்ற் போட்டால் விஷயம் கைக்கு எட்டிவிட்டது என்று அர்த்தம். யாருடைய கைக்கு, எந்த விஷயம் என்று றேமண்டுக்குத்தான் ஒருபோதும் தெரிவதில்லை.

“மிஸ், அப்ப நவரத்தினம்தான் ஆளா?”

“ரோட்டைப் பார்த்து ஓட்டும்.”

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையின் நடுவில் இருந்தது பாலசுந்தரத்தின் வீடு. மனிதர் நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, பொலிசுக்குப் போகும் கோலத்தில் விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். காலடியில், சாரத்தால் சுற்றிய ஒரு பொட்டலம். கைப்பிள்ளையைப் போலக் கிடந்தது.

“நீங்கள் ஆர் அனுப்பி வந்தனீங்களெண்டு எனக்குத் தெரியும்” என்றார் அவர், உள்ளே ஒரு பார்வை எறிந்து. “நேசம் இளகின மனசுக்காரி. இந்த எஞ்சினை நான் மூண்டு வருசம் பிள்ளை மாதிரி வளர்த்தனான் அக்கா. முழு கிளப்பும் பார்த்துக்கொண்டு நிக்க வெடிச்சுப் புகைஞ்சுது. இராமரை நான் விடமாட்டன்.”

நேசமலர் தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். ஒடிசலான உருவம். முகத்தில் ஓயாத ஒரு கவனம்: யன்னல், கேற், தட்டு, வந்தவர்களின் கைகள் என்று பார்வை சுற்றிக்கொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்து இரண்டு வருடம். அருள்நாயகியைப் பார்த்த பார்வையில், ‘கண்டுபிடிச்சிட்டீங்களோ?’ என்ற கேள்வி அப்பட்டமாக இருந்தது.

“பந்தயத்துக்குப் போகேக்க வழியில செக்பொயின்ற் கரைச்சல் இருந்ததோ?” என்று அருள்நாயகி பாலசுந்தரத்தைக் கேட்டார்.

“பெரிசா இல்லை. காத்துச் சிலிண்டரை முதல் நாளே கிளப் லொறியில, அவையின்ர கடுதாசியோட அனுப்பியாச்சு. காருக்குள்ள பூட்டியிருந்த குட்டி டாங்கி மட்டும்தான். பாணந்துறைக்கு அங்கால ஒருத்தன் டிக்கியைத் திறந்தான். டாங்கி மூடியைக் கழட்டி மணந்து பார்த்தான். பார்த்திட்டு என்ன சொன்னவன் தெரியுமோ? ‘மஹத்தயா ரேஸ் ஓடப் போறீங்களா, சோறு சமைக்கப் போறீங்களா?’ எண்டு சிங்களத்தில ஒரு நக்கல். தமிழன் ரேஸ் ஓடினா அவங்களுக்குப் பகிடி!”

அருள்நாயகியின் வாயில் பெப்பர்மின்ற் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

“பிறகு நீங்கள் டாங்கியைப் பார்த்தனீங்களோ?”

“ஓடுபாதையில மூடியைத் திறந்து பார்த்தன். தளும்பத் தளும்ப இருந்தது.”

“மணக்கேல்லையோ?”

“சுத்திவர இருபது ரேஸ் கார் நிக்குது அக்கா. அந்த இடமே பெற்றோல் மணம். எதை எண்டு மணக்கிறது?”

அருள்நாயகி பொட்டலத்தை அவிழ்த்தார். டாங்கியைச் சரித்தார். அடியில் ஒரு கரண்டியளவு இன்னும் மிச்சமிருந்தது. மேசையில் கிடந்த பத்திரிகையை இழுத்து, கல்யாண விளம்பரங்களின் மேல் ஒரு சொட்டு விட்டார்.

“இப்ப எனக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் வேணும். பக்கத்தில பக்கத்தில விட்டுப் பார்க்க.”

“இப்ப எங்க அக்கா எடுக்கிறது? கார் கொட்டாஞ்சேனையில கிடக்கு” என்றார் பாலசுந்தரம்.

“எங்கட மொறிஸில இருந்து உறிஞ்சட்டா மிஸ்?” றேமண்ட் எழுந்தான். “ஆனா பிறகு திரும்பிப் போக நீங்க தள்ளணும்.”

“பெற்றோல் தானே?” என்றாள் நேசமலர், கதவடியில் நின்று. “பொறுங்கோ, என்னட்டை இருக்கு.”

உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். கண்ணாடிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம். தேத்தண்ணித் தட்டிலேயே வைத்துத் தூக்கி வந்தாள்: வரிசையாக இருமல் மருந்துப் போத்தல்கள். ஒவ்வொன்றின் வாயும் மெழுகால் அடைக்கப்பட்டு, கழுத்தில் நூல் கட்டி, வடிவாகத் துடைக்கப்பட்டு, கோயில் கும்பங்கள் போல நின்றன.

ஒன்றின் மெழுகை உடைத்துத் தானே ஒரு சொட்டு விட்டாள்.

நான்கு பேரும் பத்திரிகைக்கு மேல் குனிந்தார்கள். இந்தச் சொட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கி, காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. டாங்கியிலிருந்து விட்ட சொட்டு போகவில்லை. எண்ணெய்ப் பலகாரம் வைத்த தாள் மாதிரி, கண்ணாடித்தன்மையோடு பரந்து, ‘வைத்தியர் மணமகன் தேவை’ என்ற வரிக்கு அடியில் மறுபக்கத்து மரண அறிவித்தலைத் தெளிவாகக் காட்டியது.

“மண்ணெண்ணெய்!” என்று கத்தினார் பாலசுந்தரம். “பார்த்தீங்களோ? எனக்குத் தெரியும்! அவன் மண்ணெண்ணெய் ஊத்தியிருக்கிறான்! நவரத்தினத்தின்ர காசுக்கு…”

“தங்கச்சி” என்றார் அருள்நாயகி, அவரைத் திரும்பியும் பாராமல், “இவ்வளவு பெற்றோல் உங்களுக்கு எங்கால?”

“இவற்ர குட்டி டாங்கியில இருந்ததுதான் அக்கா.”

மிகச் சாதாரணமாகச் சொன்னாள். ஒழுங்கைக்கு அங்கால கரையோர ரயில் ஒன்று தடதடத்துப் போனது.

“என்ன?” என்றார் பாலசுந்தரம்.

“சனிக்கிழமை பின்னேரம் நீங்கள் முழுகேக்க டிக்கியைத் திறந்து பார்த்தனான். பார்க்கிறனான் தானே ஒவ்வொரு முறையும். உங்கட கல்குலேற்றரை எடுத்தன், கமராவை எடுத்தன். பார்த்தால் ஒரு டாங்கி. வயர் கொழுவியிருக்கு. உள்ளுக்குப் பெற்றோல். ஐயோ, இதோட இவர் ஏழெட்டு ஆமிச் சென்றி தாண்டப் போறாரே எண்டு எனக்கு நெஞ்சு தண்ணியாப் போச்சு. முன் ஒழுங்கை றூபன் ஒரு கான் பெற்றோல் வைச்சிருந்ததுக்கு எத்தினை நாள் உள்ளுக்கு இருந்தவர்? அதுதான் பெற்றோலை வடிச்சு, கொட்ட மனமில்லாமல் மருந்துப் போத்தலுகளில ஒளிச்சுப்போட்டு, டாங்கிக்கு மண்ணெண்ணெய் விட்டனான். மண்ணெண்ணெய் எண்டால் அடுப்புக்கு எண்டு சொல்லலாம். ஒருத்தரும் ஒண்டும் கேட்கமாட்டினம்.” கொஞ்சம் யோசித்தாள். “கேட்கேல்லைத்தானே? சோறு சமைக்கவோ எண்டுதானே கேட்டவன்?”

“நேசம்!” பாலசுந்தரத்தின் குரல் கீச்சிட்டது. “ரேஸ் கார்! மண்ணெண்ணெயில எப்பிடியடி ஓடும்?”

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. “ஏன் ஓடாது? யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை போட்ட அஞ்சு வருசமும் நாங்கள் எதில ஓடினனாங்கள்? பெற்றோல் கண்ணால கண்டனாங்களோ? எங்கட பழைய ஏ-ஃபோட்டிக் காருக்குக் காபரேற்றரில நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயிலதான் பருத்தித்துறைக்கும் போனது, ஆசுபத்திரிக்கும் போனது. என்ர தங்கச்சியின்ர மகள் பிறந்ததே மண்ணெண்ணெயில ஓடின காருக்குள்ள! நீங்கள் கொழும்பில பிறந்தனீங்கள், உங்களுக்கு என்ன தெரியும்?” மூச்சு வாங்கினாள். “பெரிய டாங்கியில இருந்த பெற்றோலைத் தொடாமல் விட்டனான் தானே. ஸ்ராட் பண்ண அது காணும் எண்டு எனக்குத் தெரியாதோ?”

றேமண்ட் தேத்தண்ணிக் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான். சிரிப்பை மறைக்க வேறு சாமான் கிடைக்கவில்லை.

“ஓடும் தங்கச்சி” என்றார் அருள்நாயகி மெதுவாக. “ஏ-ஃபோட்டி ஓடும். அது சாதுவான எஞ்சின். அமுக்கம் குறைவு. இது அப்பிடியில்லை. அதுக்கு மேல இந்தக் காத்தும் சேர்ந்தால் உள்ளுக்குச் சூடும் அமுக்கமும் தலைக்கு மேல ஏறும். மண்ணெண்ணெய் அதைத் தாங்காது. தன்ர நேரம் வரமுதல் தானா வெடிச்சிடும். பிஸ்டன் மேல ஏறி வரேக்க முகத்தில அடிச்ச மாதிரி.”

“தேர் மாதிரி” என்றான் றேமண்ட், கோப்பைக்குப் பின்னாலிருந்து. “எல்லாரும் வடம் பிடிச்சு இழுக்கிறாங்க, ஒருத்தன் மட்டும் முன்னுக்கு நின்டு பின்னால தள்ளுறான்.”

நேசமலர் பத்திரிகையைப் பார்த்தாள். எண்ணெய்க் கறை இன்னும் விரிந்துகொண்டிருந்தது. பிறகு போத்தல்களைப் பார்த்தாள். கோபம் கழன்று விழுவது முகத்தில் தெரிந்தது.

“அப்ப… நானோ?” என்றாள். “ஆரெண்டு கண்டுபிடிக்கச் சொல்லி வந்து கேட்டதும் நான். செய்ததும் நானோ?”

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?” பாலசுந்தரத்தின் குரலில் கத்தல் போய், வெறும் கேள்வி மட்டும் மிஞ்சியிருந்தது.

“சொல்ல வேண்டிய விசயமெண்டே தெரியாது. வீட்டில சீனி முடிஞ்சு சர்க்கரை போட்டால் அதையெல்லாம் சொல்லுறனாங்களோ?” கண்களைத் துடைத்தாள். “நீங்கள் ஜெட் எண்டீங்கள், நவரத்தினம் எண்டீங்கள். நானும் ஆரோ பொல்லாதவன் செய்ததெண்டுதான் நினைச்சன்.”

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது.

அருள்நாயகி எழுந்து சேலைத் தலைப்பை உதறினார். “பாலசுந்தரம், நேரமாகுது. பொலிசுக்கு வெளிக்கிட்டனீங்கள். சதி செய்த ஆள் ஆரெண்டு இப்ப உறுதியாத் தெரியும். ஆளும் இஞ்சதான் நிக்கிறா. காரும் வாசலில நிக்குது. ஏத்திக்கொண்டு போவமோ?”

பாலசுந்தரம் தன் சப்பாத்துகளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், மூலையில் இருந்த தொலைபேசியைச் சுழற்றினார். கொட்டாஞ்சேனை கராஜ் மறுமுனையில் எடுத்தது.

“இராமர்… நான்தான். இல்லை, பொலிஸ் இல்லை. ஒருத்தரும் வரமாட்டினம். உன்ர ஜெட் சரி. பம்பும் சரி. நான்தான்…” திரும்பி மனைவியைப் பார்த்தார். “எங்கட வீட்டில பிழை நடந்து போச்சு. குட்டி டாங்கியில மண்ணெண்ணெய் இருந்திருக்கு.”

இராமர் அழப்போகிறான் என்றுதான் றேமண்ட் நினைத்தான். ஆனால் றிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு குரல் விறாந்தைவரை கேட்டது.

“மண்ணெண்ணெயிலயா! மூணாவது கியர்ல, மண்ணெண்ணெயில பொத்தானை அமத்தியும் வண்டி கோட்டைத் தாண்டிப் போய்த்தான் நின்னுச்சா? பாத்தீங்களா மொதலாளி! கொழும்புல வேற எவன் பூட்டின எஞ்சின் இப்பிடிப் போகும்? நவரத்தினம் ஐயாகிட்ட நானே போயிச் சொல்றேன்!”

“சீப்பு வெளிய வந்திட்டுது மிஸ்” என்றான் றேமண்ட்.

“வேண்டாம், நீ ஒருத்தரிட்டையும் போய் ஒண்டும் சொல்லாதை” என்றார் பாலசுந்தரம் அவசரமாக. “இரு. நான் வாறன். நேர வந்து கதைக்கவேணும்.” வைத்துவிட்டு அருள்நாயகியிடம் திரும்பினார். “அக்கா, கொட்டாஞ்சேனை வரைக்கும் என்னையும் ஏத்திக்கொண்டு போவீங்களோ? தொலைபேசியில மன்னிப்புக் கேட்கிறது சரியில்லை.”

மொறிஸ் மைனரின் கதவை றேமண்ட் திறந்து பிடித்தான். பாலசுந்தரம் ஏறப் போனவர், பின்னால் கேற் திறக்கும் சத்தம் கேட்டு நின்றார். நேசமலர் ஓடி வந்திருந்தாள். அவளுடைய கை, அவள் யோசிக்கும் முன்பே, அவர் சட்டைப் பைக்குள் போயிருந்தது. சாவிக்கொத்தில் தொங்கிய சின்ன டோர்ச் வெளியே வந்தது. காற்சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சிவப்பு வயரும் ஸ்குறூ ட்றைவரும் வந்தன. பாதியில், தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது. முகம் சிவந்தது.

“இல்லை… நான் சும்மா…”

பாலசுந்தரம் அவளைப் பார்த்தார். ரேஸ் காரின் சொந்தக்காரர், காலி வீதியில் எந்தச் சிப்பாய்க்கு முன்னாலும் முகத்தைச் சுளிக்காமல் செய்திராத ஒரு காரியத்தை, தன் வீட்டு வாசலில் வெகு இயல்பாகச் செய்தார். இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, நேராக நின்றார்.

“மற்றப் பையையும் பார்” என்றார்.

அவள் பார்த்தாள். அதற்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். எடுத்து, படத்தைப் பார்த்து, திரும்ப உள்ளே வைத்து, வெளியே தட்டிவிட்டாள்.

“ஐடென்ரிற்றி கார்ட் இருக்கு” என்றாள். “போயிட்டு வாங்கோ.”

றேமண்ட் ஸ்ராட்டரை அமத்துவதற்கு முன், ஒருவரும் பார்க்காதபடி, தன் சட்டைப் பையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.